தண்ணிக் கதவு

காலை நிகழ்ச்சியில் ஏழே முக்காலுக்கு எனக்கென்று மூன்று நிமிடம் உண்டு. ஓர் ஆங்கிலச் சொற்றொடரை எடுத்துக்கொண்டு, அதற்கு நம் தமிழில் என்ன இருக்கிறது என்று சொல்வேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற பெற்றோர் காரில் கேட்பார்கள். பெரிய ஆராய்ச்சியெல்லாம் இல்லை. முதல் நாள் இரவு அகராதியைப் புரட்டுவதோடு சரி.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை 'ஓப்பன் த ஃபிளட்கேட்ஸ்' என்பதை எடுத்தேன். "வெள்ளக் கதவுகளைத் திறந்து விடுவது. நம்மிடம் இதற்குக் கச்சிதமாக ஒன்று இருக்கிறது, நேயர்களே: மடை திறந்த வெள்ளம்!" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு ஒரு பழைய பாடலைப் போட்டேன்.

பாடல் முடிவதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. பெரியப்பா.

"பாப்பா, வெள்ளக் கதவத் தொறக்கிறது என்னமோ நல்ல காரியம் மாதிரிப் பேசுற. உனக்குச் சோறு போட்டதே அதை மூடுன கைதான், தெரியும்ல?"

அவருக்குச் சொல்ல உரிமை உண்டு. கோல சிலாங்கூருக்கும் ஜெராமுக்கும் இடைப்பட்ட ஒரு கடலோரத் தோட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் தண்ணிக் கதவு பார்த்தவர். தோட்டத்துக் கணக்கில் அந்த வேலைக்கு என்ன பெயரோ, லயத்தில் எல்லாருக்கும் அவர் 'கதவுக்காரர்'. அப்பா இறந்த பிறகு என்னை இடைநிலைப்பள்ளிக்கும், பின்னர் ஊடகக் கல்வி படிக்கக் கல்லூரிக்கும் அனுப்பியது அந்தக் கதவுக்காரர் சம்பளம். இப்போது பணி ஓய்வு பெற்று புக்கிட் ரோத்தானில் இருக்கிறார். வானொலியை அணைப்பதே இல்லை. என்னைக் கேட்பதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிழை பிடிப்பதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது.

பிழை என்னுடையதுதான். ஆங்கிலத்தில் 'வெள்ளக் கதவைத் திறக்கிறாய்' என்றால் பெரும்பாலும் அது எச்சரிக்கை. ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் எல்லாரும் வந்து நிற்பார்கள் என்று சொல்ல நினைக்கும் அதிகாரி அந்தச் சொல்லை எடுப்பார். வழக்கறிஞர்களைக் கேளுங்கள், இதே பெயரில் ஒரு வாதமே இருக்கிறது. இந்த ஒரு வழக்கை ஏற்றுக்கொண்டால் ஆயிரம் வழக்குகள் பின்னால் வரும், ஆகவே ஏற்காதீர்கள் என்பதுதான் அந்த வாதம். ஆங்கிலேயர் சட்ட மரபு உள்ள நாடுகளில் அதை எழுப்புவதுண்டு; எப்போதும் ஏற்கப்படும் என்றில்லை. அழுகைக்கும் அதைச் சொல்வார்கள்; அடக்கி வைத்தது உடைந்துவிட்டது என்ற பொருளில்.

நாம் 'மடை திறந்த வெள்ளம்' என்று சொல்வது யாரை? மேடையில் தடுக்காமல் பேசுகிறவரை. தங்கு தடையில்லாமல் பாடுகிறவரை. நம் வாயில் அது பாராட்டு. எனக்கே பள்ளிப் பேச்சுப் போட்டியில் நடுவர் ஒருவர் அப்படிச் சொல்லி ஒரு கிண்ணம் கொடுத்தார். கிண்ணம் இன்னும் பெரியப்பா வீட்டு அலமாரியில் இருக்கிறது.

ஒரே கதவு. இரண்டு மொழியில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்துக்கே போனேன்.

கோல சிலாங்கூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலாவாத்தி மலைக் குரங்கும், கம்போங் குவாந்தான் மின்மினியும், கடல் உணவும். உள்ளே வந்தால் நம் சனம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கான் வெட்டிய பூமி. காப்பி, ரப்பர், பிறகு செம்பனை. பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது, பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்னும் சொல்கிற பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமாரம் தோட்டத்தில்தான். அவர் பின்னாளில் மலாயாவை வைத்து நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் வாங்கினார். கான் வெட்டியவர்கள் பெயர் எந்தப் பரிசுப் பட்டியலிலும் இல்லை. அது வேறு கதை.

கடலோரத் தோட்டங்களின் நிலம் தாழ்ந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெருகும்போது, தண்ணீர் மட்டம் நம் லயத்து வாசற்படியைவிட உயரத்தில் நிற்கும். இடையில் இருப்பது மண்ணால் போட்ட ஒரு வரப்பு, பண்டு என்போம். தோட்டத்துச் சிறு கான்கள் எல்லாம் பெரிய கானில் விழும். பெரிய கான் பண்டுக்கு அடியில் புகுந்து கடலுக்கோ ஆற்றுக்கோ போகும். அது வெளியேறும் வாயில்தான் கதவு.

பெரியப்பா காட்டிய கதவு, மேலே கீல் வைத்துத் தொங்கவிட்ட ஒரு பலகை. கடல் பக்கமாகத் தொங்குகிறது. கடல் இறங்கியிருக்கும்போது உள்ளிருந்து வரும் கான் தண்ணீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போகிறது. கடல் ஏறும்போது வெளித் தண்ணீர் அழுத்தி அதை மூடிவிடுகிறது. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கும். கதவும் இரண்டு முறை மூடித் திறக்கும். அதற்குள்ளே, தோட்டப் பக்கம், சக்கரம் சுற்றி ஏற்றி இறக்குகிற இன்னொரு கதவு. அது வறட்சிக்கு. செம்பனைக்குத் தரையிலிருந்து சுமார் இரண்டு அடிக்குக் கீழே தண்ணீர் நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏறினால் வேர் மூச்சுத் திணறும். மிகவும் இறங்கிவிட்டால் இந்தக் கடலோரக் களிமண் காற்றுப் பட்டுப் புளித்து, கான் தண்ணீரே அமிலமாகிவிடும்.

"தானாவே மூடித் திறக்கிற கதவுக்கு ஆள் எதுக்கு?" என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடச் சம்பளத்தில் படித்தவள் கேட்கிற கேள்வியா என்பதுபோல் பார்த்தார்.

"ஒரு தேங்கா போதும் பாப்பா."

கானில் மிதந்து வருகிற ஒரு தேங்காய், ஒரு செம்பனை மட்டை, இப்போதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பை. கதவின் வாயில் சிக்கினால் முழுதாக மூடாது. நான்கு விரல் இடுக்கு போதும், கடல் உள்ளே வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பெருக்குக்கும் முன்னால் போய்ப் பார்த்து, கழியால் குத்தி எடுத்து, கதவு சட்டத்தில் உட்கார்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். கடல் ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம்போல் தள்ளிப் போகும். அதனால் அவருக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. இன்றைக்கு நடுப்பகல் என்றால் ஒரு வாரத்தில் மாலை. நள்ளிரவும் உண்டு. ஆடி பதினெட்டுக்கு அந்தச் சட்டத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார். தாத்தா ஊரில் கண்மாய் மடைக்குக் கருப்பு காவல் என்று கும்பிடுவார்களாம். இங்கே கருப்பனுக்குச் சம்பளமும் கொடுத்தார்கள் என்று சிரித்தார்.

என் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. தாத்தா ஊர் மடை கண்மாயில் இருந்தது. மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்து, வயல் காயும்போது திறப்பார்கள். திறக்கிற நாள் ஊருக்கே திருநாள். வெள்ளம் வயலுக்குப் போகிறது, அது சோறு. அந்த மண்ணில் பிறந்த சொற்றொடர், திறப்பதைக் கொண்டாடாமல் என்ன செய்யும்? ஆங்கிலத்துக்குப் பின்னால் இருப்பது கடலும் ஆற்று முகத்துவாரமும் என்பது என் ஊகம். மதகுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'ஸ்லூஸ்' என்ற சொல் லத்தீன் மூலத்தில் 'வெளியே நிறுத்துவது' என்ற பொருளில் வந்தது. விலக்கி வைப்பதைக் குறிக்கும் 'எக்ஸ்குளூட்' அதன் உடன்பிறப்பு. பெயரிலேயே மூடுகிற வேலை.

பைபிளிலும் இதைப் பார்க்கலாம். நோவா காலத்துப் பெருமழையைச் சொல்லும்போது பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு வானத்தின் 'சன்னல்கள்' திறந்தன என்கிறது. நம் தமிழ் மொழிபெயர்ப்பு 'மதகுகள்' என்று போட்டது. ஏரியும் கண்மாயும் பார்த்த கை அதை எழுதியிருக்க வேண்டும். ஆனால் வானம் திறந்து ஆசீர்வாதம் பொழியும் என்று வருகிற வேறோர் இடத்தில், அதே எபிரேயச் சொல்லைத் தமிழில் 'பலகணிகள்' ஆக்கிவிட்டார்கள். அழிவுக்கு மதகு, அருளுக்குச் சன்னல்! கண்மாய்க்காரர்களுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம் இருந்திருக்கிறது.

('மடையன்' என்ற வசைச்சொல், உயிரைப் பணயம் வைத்து ஏரிக்குள் மூழ்கி மடை திறந்தவர்களிடமிருந்து வந்தது என்று புலனத்தில் ஒரு செய்தி சுற்றுகிறதே, அதை நான் நிகழ்ச்சியில் சொல்லவில்லை. நல்ல கதை. நல்ல கதை என்பதாலேயே எனக்குச் சந்தேகம்.)

தண்ணீரை உள்ளே விடுகிற மடையைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டாம். கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே ஓட்டுங்கள். தஞ்சோங் காராங் தாண்டினால் செகிஞ்சான் வழியாக சபாக் பெர்ணம் பக்கம் வரை கடலோரமாகவே சுமார் 40 கிலோமீட்டர் நீள வயல். ஏறக்குறைய 20,000 எக்டர். பெர்ணம் ஆற்றில் தடுத்த தண்ணீரைக் கால்வாய் வெட்டி, சதுப்புக் காட்டு வழியே தெங்கி ஆற்றுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பெரிய வாய்க்காலில் விட்டு, வரிசையாகக் கதவு வைத்துப் பிரிக்கிறார்கள். 1930-களில் தொடங்கிய திட்டம். நீர்ப்பாசன, வடிகால் இலாகா அமைந்ததும் 1932-இல்தான். அங்கே கதவு திறந்தால் விவசாயி முகம் மலரும். கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்றால் சண்டையும் வரும்.

அதற்குக் கிழக்கே இருக்கிற சதுப்புக் காட்டில் மூன்றாவது பாடம். ராஜா மூசா வனக் காப்பகத்தில் யார் யாரோ வெட்டிய கான்கள் கரிமண்ணை உலர்த்தி, ஆண்டுக்காண்டு தீப்பிடித்துப் புகை கிளம்பியது. 2008 முதல் வனத்துறையும் தன்னார்வலர்களும் அந்தக் கான்களைக் குறுக்கே அடைத்துத் தண்ணீரைத் தேக்குகிறார்கள். வடியும் வழியை அடைத்தால்தான் அங்கே தீ அடங்குகிறது. ஒரே மாவட்டத்துச் சுற்றுவட்டாரத்தில் மூன்று வகை அடைப்பு. ஒன்றுக்குச் சொன்ன விதி மற்றதற்குப் பொருந்தாது.

கல்லூரியில் எங்களுக்குக் 'கேட்கீப்பிங்' என்று ஒரு பாடம் இருந்தது. கூர்ட் லெவின் என்ற உளவியலாளர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குடும்பத்துக்கு எந்த உணவு வந்து சேர்கிறது, அதைத் தீர்மானிக்கிற கதவில் யார் நிற்கிறார் என்று ஆராய்ந்தார். அவர் பயன்படுத்திய சொற்கள்: வாய்க்கால், கதவு, கதவுக்காரர். 1950-இல் டேவிட் மானிங் வைட் அதை எடுத்துப் பத்திரிகைக்குப் பொருத்தினார். ஒரு செய்தி ஆசிரியர் தந்தியில் வந்த செய்திகளில் பத்தில் ஒன்பது பங்கு போல் தள்ளிவிட்டார். ஒவ்வொன்றையும் ஏன் தள்ளினார் என்று எழுதி வாங்கினார் வைட். அந்த ஆசிரியருக்கு அவர் வைத்த புனைபெயர் 'மிஸ்டர் கேட்ஸ்'. தேர்வில் இதற்கு நான் நல்ல புள்ளி வாங்கினேன். வீட்டில் ஓர் உண்மையான கதவுக்காரரை வைத்துக்கொண்டு அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை.

உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். நாடு முழுதும் அந்த வெள்ளத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோல சிலாங்கூரிலும் குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. அன்று மாலை நேரலையில் இருந்தவள் நான். புலனத்தில் நிமிடத்துக்கு ஒரு குரல் பதிவு. அவற்றில் இரண்டு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

முதலாவது ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பவர்போல் நிதானமாக: இன்றிரவு பத்து மணிக்கு அணைக் கதவுகளைத் திறக்கப் போகிறார்கள், பத்தாங் பெர்ஜுந்தை மக்கள் உடனே வெளியேறுங்கள். இரண்டாவது ஓர் ஆண் குரல், மழை இரைச்சலில் பாதி கேட்கவில்லை: கான் நிரம்பி லயத்துக்குள்ளே வந்துவிட்டது, கதவு திறக்க மாட்டேன் என்கிறது, வயசானவங்க இருக்காங்க, யாராவது படகு அனுப்புங்க. கடலோரத் தோட்டம் ஒன்றின் பெயரைச் சொன்னார்.

உறுதிப்படுத்த முயன்றேன். எந்த எண்ணும் கிடைக்கவில்லை. உறுதி செய்யாததை ஒலிபரப்பக் கூடாது என்பது படித்த பாடம், நிலையத்தின் விதி, நல்ல விதி. இரண்டையும் நிறுத்தி வைத்தேன். ஒன்பது மணிக்கு மேல் முதல் செய்தி பொய் என்று தெரிந்தது. அதைச் சொல்லியிருந்தால், அந்த இருட்டில், அந்த மழையில், எத்தனை பேர் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியிருப்பார்களோ.

இரண்டாவது உண்மை. ஒரு வயதான தம்பதி விடியும் வரை மேசைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். கணவருக்கு நீரிழிவு, காலில் ஆறாத புண். அந்தத் தண்ணீர் பட்டுப் புண் முற்றி, சில வாரங்கள் கழித்து இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நான் அறிவித்திருந்தால் படகு போயிருக்குமா? அந்த இரவில் படகுகளே பற்றாக்குறை. போகாமலும் இருந்திருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் செய்தது சரி என்று சக ஊழியர்களும் சொன்னார்கள்.

இதைப் பெரியப்பாவிடம் முதன்முறையாக அந்தக் கதவருகே நின்றுதான் சொன்னேன். அவர் உடனே ஆறுதல் சொல்லவில்லை. பழைய சம்பவம் ஒன்றைச் சொன்னார். எனக்கு விவரம் தெரியாத காலம். ஐப்பசி அமாவாசை, அடைமழை. கடல் ஏறிக் கதவு மூடியிருந்தது. உள் தண்ணீர் போக வழியில்லாமல் லயத்தில் முழங்கால் அளவு. சனம் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது: கதவைத் தூக்கு! தூக்கினால் கடல்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. நான்கு இளைஞர்கள் இரும்புக் கம்பியால் நெம்பி விட்டார்கள். முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. இளங்கன்றுகள் உப்பில் போயின. அவர்மேல்தான் பழி, மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள்.

"இன்னும் ரெண்டு மணி நேரத்துல கடல் எறங்கும்னு எனக்குத் தெரியும். அதான் மூடி வச்சேன்," என்றார். பிறகு கேட்டார்: "நீ மூடி வச்சியே, உனக்கு என்ன தெரியும்?"

எனக்கு விதி தெரியும், என்றேன்.

"அன்னிக்குப் பௌர்ணமிடா பாப்பா."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். 2021 டிசம்பர் 19 பௌர்ணமி. மார்கழி பிறந்து நான்காம் நாள். கடற்கரை நெடுக ஒவ்வொரு பெருக்குக்கும் கடல் உச்சத்தில் நின்று கதவுகளை அழுத்திப் பிடித்திருந்த நாள்கள். அந்த நேரத்தில் மேலே அவ்வளவு மழை என்றால் உள்ளே இருக்கிற தண்ணீர் எங்கே போகும்? 'கதவு திறக்க மாட்டேன் என்கிறது' என்று ஒரு தோட்டத்து ஆள் சொன்னால், அது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நாள்காட்டி பார்க்கத் தெரிந்த எவரும் கணித்திருப்பார். நான் இரண்டு செய்தியையும் ஒரே மாதிரி பார்த்தேன். 'உறுதி செய்யப்படவில்லை, ஆனால் உதவி கேட்கிறார்கள்' என்று மீட்புப் படையினருக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம். ஒலிபரப்பவே வேண்டியிருந்திருக்காது. அது எனக்குத் தோன்றவில்லை.

"அப்ப தப்பு என்மேலதானா பெரியப்பா?"

"விரல எடுத்தது டாக்டரு," என்றார். பிறகு கழியை எடுத்துக் கதவில் சிக்கியிருந்த ஒரு மட்டையைக் குத்தித் தள்ளினார். அது இப்போது அவர் வேலை இல்லை. இப்போது கதவுக்காரர் ஒரு வங்காளதேசத்துத் தம்பி. சற்றுத் தள்ளி நின்று, இந்தக் கிழவர் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அவரிடம் மலாயில் கீல் துருப்பிடித்திருக்கிறது என்று சொன்னார். தம்பி தலையாட்டினார். எழுதி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது ஒலிபரப்பு அறையில் என் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் தினசரி கிழிக்கும் தமிழ் நாள்காட்டி ஒன்று தொங்குகிறது. புதிதாக வந்த தயாரிப்பாளர் நல்ல நேரம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீர்ப்பாசன, வடிகால் இலாகாவின் வெள்ளத் தகவல் பக்கத்தில் ஆற்று மட்டம் பார்க்கவும் கற்றுக்கொண்டேன்: வழக்கம், கவனம், எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு படி. ஜெராமிலிருந்து சுங்கை பெசார் வரை தோட்டத்திலும் கம்பத்திலும் இருக்கிற பதினான்கு பேரின் கைப்பேசி எண் என்னிடம் இருக்கிறது. அதில் ஒருவர் குரல் பதிவு அனுப்பினால் அவர் யார், எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். பதினான்கு போதாது. இதைப் படிக்கிற தோட்டத்துக்காரர்கள் யாராவது சேர்ந்துகொண்டால் நல்லது. நிலையத்துக்குக் கூப்பிட்டு என் பெயரைச் சொல்லுங்கள்.

'ஓப்பன் த ஃபிளட்கேட்ஸ்' பற்றிய திருத்தத்தை நிகழ்ச்சியில் இன்னும் சொல்லவில்லை. மூன்று நிமிடத்தில் அடங்காது. நேற்று பெரியப்பா மறுபடி அழைத்தார். சொற்றொடரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நாளன்னிக்கு அமாவாசை. சாயங்காலம் ஆறரைக்குத் தண்ணி ஏறும், மேகமும் கறுத்துக் கெடக்கு. பாட்டுக்கு நடுவுல ஒரு வார்த்தை சொல்லிடு."

குறித்து வைத்திருக்கிறேன்.